ஃபுகுஷிமா வேலைக்குத் தம்பியை அனுப்பலாமா?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். என் தம்பிக்கு 26 வயது. டிப்ளமோ சிவில் முடித்துவிட்டு ஓசூரில் கட்டிட சைட் ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கிறான். சாரம் கட்டும் வேலையும் தெரியும். ஜப்பானில் ஃபுகுஷிமா பக்கம், மூடிப்போன அணுமின் நிலையத்தைச் சுத்தம் செய்யும் காண்ட்ராக்ட் கம்பெனியில் வேலை இருக்கிறது என்று ஒரு ஏஜென்ட் சொல்கிறார். மொத்தச் செலவு 3.5 லட்சம் ரூபாய். 50,000 முன்பணமும் அசல் பாஸ்போர்ட்டும் கொடுத்துவிட்டான். “பெரிய கம்பெனி, சம்பளத்தோடு தினமும் தனிப்படி உண்டு, பயமே வேண்டாம்” என்கிறார் ஏஜென்ட். கேள்விப்பட்டதிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. அடுத்த தை மாதம் தம்பிக்குக் கல்யாணம் பேசியிருக்கிறோம். பிள்ளை பிறப்பதில் கோளாறு வருமா? அங்கே காண்ட்ராக்டர் என்னதான் செய்கிறார்? ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு? – ஒரு அக்கா

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அம்மாவை முதலில் சாப்பிடச் சொல்லுங்கள். பிள்ளை பிறப்பதைப் பற்றிய பயத்துக்கு என்னால் தெளிவாகவே பதில் சொல்ல முடியும். 1945-ல் ஹிரோஷிமா, நாகசாகியில் குண்டு விழுந்து பிழைத்தவர்களுக்குப் பின்னாளில் பிறந்த சுமார் 77,000 பிள்ளைகளைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார்கள். பெற்றோர் பட்ட கதிர்வீச்சால் பிள்ளைகளுக்குப் பரம்பரைக் கோளாறு வந்ததாக அதில் தெரியவில்லை. அந்தப் பெற்றோரில் பலர் வாங்கியது, இன்றைக்கு ஒரு தொழிலாளி சட்டப்படி வாங்கக்கூடிய அளவைவிடப் பல மடங்கு. அதனால் கல்யாணப் பேச்சை இதற்காக நிறுத்த வேண்டியதில்லை.

என் கவலை வேறு. கதிர்வீச்சுப் பாதுகாப்புத் துறையிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது தருமபுரியில் இருக்கிறேன். உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது ‘அணு’ இல்லை, ‘காண்ட்ராக்ட் கம்பெனி’தான். கம்பெனிக்குப் பெயரில்லை. எத்தனாவது அடுக்கில் இருக்கிறது என்பதும் இல்லை. என்ன விசா என்றும் இல்லை.

காண்ட்ராக்டர் என்ன செய்கிறார் என்பதை முதலில் பார்ப்போம். 2011 மார்ச் 11-ல் நிலநடுக்கமும் சுனாமியும் வந்து ஃபுகுஷிமா டாய்ச்சி நிலையத்தின் 1, 2, 3-ஆம் உலைகளில் எரிபொருள் உருகிவிட்டது. உருகிய எரிபொருளும் அதோடு கலந்த கான்கிரீட்டும் இரும்பும் சேர்ந்து சுமார் 880 டன் இன்னும் உள்ளேயே கிடக்கிறது. 2024 நவம்பரில்தான் முதன்முறையாக அதிலிருந்து ஒரு துணுக்கை வெளியே எடுத்தார்கள். அதன் எடை ஒரு கிராம்கூட இல்லை. 2051-க்குள் எல்லாவற்றையும் முடிப்பதாகத் திட்டம். நிலையம் டெப்கோ என்ற மின்சாரக் கம்பெனிக்குச் சொந்தம். ஆனால் அங்கே தினமும் உள்ளே போகிற ஆயிரக்கணக்கானவர்களில் மிகப் பெரும்பாலானோர் காண்ட்ராக்ட் ஆட்கள்.

நிலையத்துக்கு வெளியே இன்னொரு வேலை நடந்தது. ஊர்களிலும் வயல்களிலும் பள்ளி மைதானங்களிலும் மேல்மண்ணைச் சுரண்டி, கூரைகளைத் துடைத்து, இலைதழைகளை அள்ளி, கறுப்பு மூட்டைகளில் கட்டி அடுக்கினார்கள். அப்படிச் சேர்ந்த மண் மட்டுமே சுமார் 1.4 கோடி கன மீட்டர். நிலையத்தை ஒட்டிய ஒகுமா, ஃபுதாபா ஊர்களில் அதைக் குவித்து வைத்திருக்கிறார்கள். 2045-க்குள் அதை ஃபுகுஷிமாவுக்கு வெளியே கொண்டுபோய்விட வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். உங்கள் தம்பிக்கு இந்த இரண்டில் எது? ஏஜென்ட்டிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. உள்ளே சாரம் கட்டுவதும் வெளியே மண் அள்ளுவதும் ஒன்றல்ல. விதிகள் வேறு, படியும் வேறு.

ஒழுங்கான காண்ட்ராக்டர் என்றால், ஒரு சாரம் கட்டுவதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்கும். அந்த இடத்தில் மணிக்கு எவ்வளவு கதிர்வீச்சு என்று அளந்து வரைபடம் போட்டிருப்பார்கள். ஓர் ஆள் எத்தனை நிமிடம் நிற்கலாம், எங்கே நின்றால் குறையும், எந்தக் குழாயை ஈயத்தகடு போட்டு மறைக்க வேண்டும் என்றெல்லாம் முடிவாகியிருக்கும். கதிர்வீச்சே இல்லாத இடத்தில் அதே மாதிரி ஒரு அமைப்பைச் செய்து வைத்து, பைப்பையும் கிளாம்ப்பையும் கண்ணை மூடிக்கொண்டு மாட்டுகிற அளவுக்குப் பழக்குவார்கள். உள்ளே 40 நிமிடம் ஆகிற வேலையை 15 நிமிடத்தில் முடிக்க வேண்டுமே! ஆளின் நெஞ்சில், அவர் வாங்குகிற கதிர்வீச்சை அளக்கும் டோசிமீட்டர் தொங்கும். வைத்த அளவைத் தாண்டினால் கத்தும். கத்தியதும் கையில் இருக்கிற ஸ்பேனரை அப்படியே போட்டுவிட்டு வெளியே வர வேண்டும். “இந்த ஒரு கிளாம்ப் மட்டும்” என்ற பேச்சே கிடையாது.

என்னைக் கேட்டால், ஒரு காண்ட்ராக்டரின் தரத்தை உடை கழற்றும் அறையில்தான் பார்க்க வேண்டும். போடும்போது எல்லோரும் ஒழுங்காகத்தான் போடுவார்கள். வெளியே வரும்போது வியர்வை கொட்டும், முகமூடிக்குள் மூச்சு முட்டும், எப்படா கழற்றுவோம் என்று இருக்கும். அப்போதும் மேல் கையுறை முதலில், அப்புறம் முழு உடை, அதுவும் வெளிப்பக்கம் உள்ளே போகும்படி சுருட்டிக்கொண்டே கீழே இறக்கி, ஒரு காலை எடுத்துக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வைத்த பிறகே அடுத்த கால். முகமூடி கடைசியில். பக்கத்தில் ஒருவர் நின்று ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஒருவருக்குச் சம்பளம் கொடுக்க மனசில்லாத கம்பெனியில்தான் தூசி வீடு வரைக்கும் போகும். உடம்புக்கு வெளியே இருக்கிற கதிர்வீச்சிலிருந்து விலகி நிற்கலாம். மூச்சோடு உள்ளே போன தூசியிலிருந்து விலக முடியாது. அமெரிக்காவின் ஹான்ஃபோர்டில் பழைய புளூட்டோனியக் கூடத்தை 2017-ல் இடித்தபோது தூசி பரவி, 42 தொழிலாளர்களின் உடலுக்குள் சிறிதளவு போய்விட்டது. அங்கேயும் பெரிய காண்ட்ராக்டர்தான்.

இனி அடுக்கு விஷயம். பெங்களூரு கட்டிட வேலைக்கு நம் ஊரிலிருந்து ஆள் போவது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். பில்டரின் பெயர் போர்டில் இருக்கும். அவருக்குக் கீழே ஒரு காண்ட்ராக்டர், அவருக்குக் கீழே மேஸ்திரி, மேஸ்திரிக்குக் கீழே அரூரிலிருந்து வேனில் ஆள் ஏற்றி வருகிறவர். ஃபுகுஷிமாவும் இதே கதைதான். டெப்கோவுக்குக் கீழே முதன்மைக் காண்ட்ராக்டர், அதற்குக் கீழே இரண்டு, மூன்று, சில வேலைகளில் ஐந்து அடுக்கு வரைகூட. ஊர்களைச் சுத்தம் செய்த வேலைக்கு ஜப்பான் அரசு ஓர் ஆளுக்கு நாளைக்கு 10,000 யென் வரை தனிப்படி ஒதுக்கியது. பல இடங்களில் அது அடுக்கடுக்காக இறங்கி வரும்போதே கரைந்துவிட்டது. 2013 வாக்கில் ஜப்பானில் இது பெரிய செய்தி. ரயில் நிலையங்களில் படுத்துக் கிடந்தவர்களைக்கூட ஆள் பிடித்துக் கொண்டுபோனார்கள். ஏஜென்ட் சொல்கிற தனிப்படி பொய்யில்லை. அது தம்பி கைக்கு எவ்வளவு வரும் என்பதுதான் கேள்வி.

பணம் போனால் போகிறது என்று விட்டுவிடலாம். அடுக்கு கூடக்கூடப் பாதுகாப்பும் கரைகிறதே, அதை விட முடியாது. 2011 டிசம்பரில் ஒரு துணைக் காண்ட்ராக்ட் கம்பெனியின் அதிகாரி, தொழிலாளர்களின் டோசிமீட்டரை ஈயத்தகட்டால் மூடிக்கொள்ளச் சொன்னார். அடுத்த ஆண்டு விஷயம் வெளியே வந்தது. ஏன் அப்படிச் சொன்னார்? ஆள் வருடத்துக்கான அளவைத் தொட்டுவிட்டால் அவரை உள்ளே அனுப்ப முடியாது. ஆள் இல்லாவிட்டால் கீழ் அடுக்குக் கம்பெனிக்கு பில் கிடையாது. தொழிலாளிக்கும் அதே நிலைதான், அளவு முடிந்தால் வேலை முடிந்தது. மீட்டர் குறைவாகக் காட்டுவதில் இரண்டு பேருக்குமே லாபம் இருக்கிறது என்பதுதான் இதில் இருக்கிற விஷம்.

2023 அக்டோபர் 25-ஆம் தேதி நடந்ததையும் கேளுங்கள். அசுத்த நீரைச் சுத்திகரிக்கிற ஆலையில் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். கழுவிய நீரைத் தொட்டிக்குக் கொண்டுபோக, கயிற்றால் கட்டி வைத்திருந்த ஹோஸ் கழன்று, கதிரியக்க நீர் தொழிலாளர்கள் மேல் பீச்சியடித்தது. மேலே தண்ணீர் புகாத கோட்டு போட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. சிலர் போடவில்லை. துடைத்தும் தோலில் அளவு குறையாததால் இரண்டு பேரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சில நாளில் வீடு திரும்பிவிட்டார்கள், உயிருக்கு ஒன்றுமில்லை. அவர்கள் எல்லோரும் துணைக் காண்ட்ராக்ட் ஆட்கள். ஒரு கோட்டு, ஒரு கயிற்றுக் கட்டு. அதைக் கவனிக்க வேண்டிய ஆள் எந்த அடுக்கைச் சேர்ந்தவர் என்பதில்தான் எல்லாம் தடுமாறுகிறது.

காண்ட்ராக்டர் என்றாலே மோசம் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் டென்வர் நகரத்துக்குப் பக்கத்தில் ராக்கி ஃப்ளாட்ஸ் என்று ஒரு தொழிற்சாலை, அணுகுண்டுக்குப் புளூட்டோனியப் பாகம் செய்த இடம். அதை நடத்திய காண்ட்ராக்டரின் சுற்றுச்சூழல் குற்றங்களுக்காக 1989 ஜூனில் எஃப்.பி.ஐ. உள்ளே புகுந்து சோதனை போட்டது. 1992-ல் அந்தக் கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொண்டு 1.85 கோடி டாலர் அபராதம் கட்டியது. சுத்தம் செய்ய 65 வருடமும் 3,600 கோடி டாலரும் ஆகும் என்று 1995-ல் மதிப்பீடு போட்டார்கள். வேறொரு காண்ட்ராக்டர் வந்து 2005-லேயே சுமார் 700 கோடியில் முடித்துக் கொடுத்தார். சீக்கிரம் முடித்தால் கூடுதல் தொகை, பாதுகாப்பில் சறுக்கினால் வெட்டு என்று அரசு ஒப்பந்தத்தை எழுதியிருந்தது. இடம் ஒன்று, தொழிலாளர்களிலும் பலர் பழைய ஆட்களே. எழுதிய ஒப்பந்தம் வேறு. பிரிட்டனில் செல்லஃபீல்டு இதற்கு எதிர்க்கதை. 2008-ல் தனியார் கூட்டமைப்பிடம் பொறுப்பைக் கொடுத்து, செலவும் தாமதமும் கட்டுக்குள் வராததால் 2016-ல் அரசே திரும்ப எடுத்துக்கொண்டது. ஆக, கம்பெனி பெரிதா சிறிதா என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். தம்பிக்கும் அந்தக் கம்பெனிக்கும் நடுவே எத்தனை பேர் நிற்கிறார்கள், காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

“யார் பொறுப்பு” என்று கேட்டீர்களே, அதற்கு வருகிறேன். ஜப்பானில் கதிர்வீச்சு வேலைக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் ஒரு கைப்புத்தகம் உண்டு. எந்தக் கம்பெனியில், எந்த மாதம், எத்தனை மில்லிசீவர்ட் (உடம்பு வாங்குகிற கதிர்வீச்சின் அளவு) வாங்கினார், உள்ளே ஏதாவது போனதா, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனையில் என்ன வந்தது, எல்லாம் அதில் ஏறும். கம்பெனி மாறினாலும் புத்தகம் ஆளோடு வரும். மையப் பதிவேட்டிலும் கணக்கு இருக்கும். நம் நாட்டிலும் இப்படித்தான். கல்பாக்கத்தில் காண்ட்ராக்ட் ஆளாக இருந்தாலும் கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜ் போட்டவர் எல்லோருடைய கணக்கும் தேசியப் பதிவேட்டில் ஏறுகிறது.

அந்தப் புத்தகம் ஏன் முக்கியம்? ஃபுகுஷிமாவில் வேலை பார்த்து ரத்தப் புற்றுநோய் வந்த ஒருவருக்கு 2015 அக்டோபரில் ஜப்பான் அரசு முதன்முறையாக இழப்பீடு கொடுத்தது. அவர் அங்கே வாங்கியது சுமார் 16 மில்லிசீவர்ட்தான். நோய் அதனால்தான் வந்தது என்று நிரூபணமாகவில்லை. ஆனால் வருடத்துக்கு 5 மில்லிசீவர்ட்டுக்கு மேல் பதிவாகியிருந்தால் ரத்தப் புற்றுநோய்க்கு இழப்பீடு தரலாம் என்பது அங்குள்ள விதி. அவர் கணக்கு ஒழுங்காக இருந்தது, பணம் கிடைத்தது. நுரையீரல் புற்றுநோயால் இறந்த ஒருவரின் குடும்பத்துக்கும் 2018-ல் இழப்பீடு கிடைத்தது; அவருடைய மொத்தக் கணக்கு 195 மில்லிசீவர்ட். மீட்டர் மேல் ஈயத்தகடு வைத்தவருக்கு இது கிடைக்குமா, சொல்லுங்கள். அமெரிக்காவிலும் பழைய அணு ஆயுதத் தொழிலாளர்களுக்காக 2000-ல் சட்டம் போட்டபோது, காண்ட்ராக்டர்களிடம் சரியான பதிவே இல்லாத இடங்களுக்குத் தனி வழி ஒன்று வகுக்க வேண்டியிருந்தது.

அளவைப் பற்றி அம்மாவுக்குச் சொல்ல இரண்டு வரி. கதிர்வீச்சுத் தொழிலாளிக்கு இந்தியாவில் ஐந்து வருடத்துக்கு 100 மில்லிசீவர்ட், ஒரே வருடத்தில் 30-க்கு மேல் போகக்கூடாது. ஜப்பானிலும் ஐந்து வருடத்துக்கு 100தான், ஆனால் ஒரே வருடத்தில் 50 வரை விடுகிறார்கள். நாம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாலே மண்ணிலிருந்தும் ஆகாயத்திலிருந்தும் வருடத்துக்குச் சராசரியாக 2.4 வருகிறது. இந்த அளவுக்குள் நின்றால் நான் பெரிதாகப் பயப்படமாட்டேன். உண்மையில் அங்கே ஆளைக் கொல்வது பெரும்பாலும் சாதாரணக் கட்டிட வேலையின் ஆபத்துகள்தான். 2015 ஜனவரியில் ஒரு தொழிலாளி தண்ணீர்த் தொட்டியின் மேலிருந்து விழுந்து இறந்தார். அதன் பிறகு இரண்டு வாரம் எல்லா வேலையையும் நிறுத்திச் சோதித்தார்கள். கோடையில் முழு உடைக்குள் வெப்பத்தில் சுருண்டு விழுகிறவர்களும் உண்டு. சாரத்தில் பெல்ட் மாட்டுகிற பழக்கம் தம்பிக்கு இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு அதுதான் முதல் தகுதி.

விசாவுக்கு வருவோம். பயிற்சித் தொழிலாளராகக் கட்டுமான வேலைக்கு என்று வியட்நாமிலிருந்து வந்த இளைஞர் ஒருவரை, சொல்லாமல் கொள்ளாமல் ஃபுகுஷிமா மாவட்டத்தில் மண் சுரண்டும் வேலையில் இறக்கிய விஷயம் 2018-ல் வெளியே வந்தது. பயிற்சி விசாவில் வருகிறவர்களை அந்த வேலையில் போடக்கூடாது என்று ஜப்பான் அரசு அப்போதே சொல்லிவிட்டது. 2019-ல் புதிதாகத் திறன் தொழிலாளர் விசா வந்தபோது, அதில் வருகிறவர்கள் நிலையத்துக்குள்ளும் வேலை செய்யலாம் என்று டெப்கோ சொன்னது. மொழி தெரியாதவர்களை அங்கே இறக்குவதைப் பற்றித் தொழிலாளர் அமைச்சகம் எச்சரித்ததும், மே மாதமே அதைத் தள்ளி வைத்தது. திறன் விசாவுக்கு ஜப்பானிய மொழித் தேர்வும் தொழில் தேர்வும் எழுத வேண்டும். தம்பி எதையாவது எழுதினானா? எழுதாமலே விசா கிடைக்கும் என்றால், ஏஜென்ட் சொல்கிற வேலை ஒன்று, கிடைக்கப்போகிற வேலை வேறு.

என் தீர்ப்பு: இந்த ஏஜென்ட் மூலமாக வேண்டாம். ஜப்பான் வேண்டாம் என்று சொல்லவில்லை. மொழி படித்து, தேர்வு எழுதி, ஏதாவது ஓர் ஊரில் சாதாரணக் கட்டுமான வேலைக்குப் போகட்டும், நல்ல வாழ்க்கை. சென்னையில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, முதலில் அங்கே விசாரிக்கலாம். பிற்காலத்தில் சுத்தம் செய்யும் வேலைக்கே போகிற வாய்ப்பு வந்தாலும், முதன்மைக் காண்ட்ராக்டரோ அதற்கு நேர் கீழே உள்ள கம்பெனியோ நேரடியாகச் சம்பளம் கொடுக்க வேண்டும். தனிப்படி ஒப்பந்தத்தில் தனி வரியாக இருக்க வேண்டும். கைப்புத்தகத்தின் நகலை மாதாமாதம் போனில் படம் எடுத்து உங்களுக்கு அனுப்ப வேண்டும். இதற்கெல்லாம் ஒத்துக்கொள்கிற கம்பெனிக்கு என்றால் நானே போகச் சொல்வேன்.

கொடுத்த பணம் விஷயம். மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்ற ஏஜென்ட்டுகளின் பட்டியல் இருக்கிறது. இவர் பெயரும் பதிவு எண்ணும் அதில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். பதிவு பெற்றவரே ஆனாலும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். 3.5 லட்சம் எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப்பில் கேட்டாலும் போதும், பதில் ஆதாரமாக இருக்கும். ரசீது இல்லாவிட்டால் வங்கிக் கணக்கு அல்லது ஜிபே பதிவை எடுத்து வையுங்கள். தரமாட்டேன் என்றால் சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் புகார் அனுப்பிவிட்டு, திங்கட்கிழமை கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் ஒரு மனு கொடுங்கள். ஆனால் பணத்தைப் பற்றிப் பேச்சு எடுப்பதற்கு முன்னால் பாஸ்போர்ட்டை வாங்கிவிடுங்கள். பாஸ்போர்ட் அரசின் சொத்து. அதைப் பிடித்து வைத்துக்கொள்ள எந்த ஏஜென்ட்டுக்கும் உரிமையில்லை. வங்கியில் காட்ட வேண்டும், கல்யாண வேலைக்கு வேண்டும் என்று எதையாவது சொல்லித் தம்பியே போய் வாங்கி வரட்டும். கொடுக்க மறுத்தால் அன்றைக்கே போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.